பொற்காசும் பொன்னேடும்



ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை அறியாதவர்கள் நம்மிடையே குறைவு. பம்மல் சம்பந்த முதலியார் அதனை 'வாணிபுர வணிகன்' என்ற பெயரிலே தமிழுக்குத் தழுவித் தந்தார். நெஞ்சருகே ஓர் இறாத்தல் தசையை வெட்டியெடுக்கக் கத்தி தீட்டி நிற்கும் ஷைலொக்கையும், ஆண் வேடம் பூண்டு வந்து வாதாடும் போர்ஷியாவையும் ஒரு முறை பார்த்தவர் மறப்பதில்லை. ஆனால் அந்த நாடகத்திலே பலருடைய கவனத்துக்குத் தப்பிவிடும் ஒரு சிறு காட்சி உண்டு. இன்றைய பேச்சை அங்கிருந்து தொடங்க விரும்புகின்றேன்.

கப்பல்கள் கவிழ்ந்தன என்ற செய்தி வந்துவிட்டது. கடனுக்குப் பிணை நின்ற அன்ரோனியோ சிறைக்காவலனோடு வீதியிலே நிற்கின்றான். நண்பன் ஒருவன் ஆறுதல் சொல்கின்றான்: "நகரத்துத் தலைவர் இந்தக் கொடிய ஒப்பந்தத்தை ஒருபோதும் அனுமதிக்கமாட்டார்." உயிரை இழக்கப் போகும் அன்ரோனியோ அதற்கு என்ன பதில் சொல்கின்றான் தெரியுமா? தலைவரால் சட்டத்தின் போக்கைத் தடுக்க முடியாது என்கின்றான். வெனிஸ் நகரிலே அந்நியருக்கு வழங்கப்பட்ட உரிமையை மறுத்தால், நகரத்தின் நீதியின் மீதே பழி வந்து சேரும். இந்நகரின் வாணிபமும் இலாபமும் பல தேசத்தாரையும் நம்பியே இருக்கின்றன என்பது அவன் தரும் காரணம்.

தன் தலைக்கு மேல் கத்தி தொங்கும் வேளையிலும் ஒரு வணிகன் இப்படிச் சிந்திக்கின்றான். சட்டம் ஆளுக்கேற்ப வளையாது என்று உலகத்தார் நம்புவதால்தான் கப்பல்கள் தன் துறைமுகத்துக்கு வருகின்றன என்பதை அவன் அறிந்திருக்கின்றான். ஒரு நாடு ஏன் செல்வம் பெறுகின்றது, மற்றொரு நாடு ஏன் வறுமையில் கிடக்கின்றது என்ற பெரிய கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இந்தச் சில வரிகளிலே அடங்கியிருக்கின்றது.

பொருளியலாளர்கள் 'நிறுவனம்' என்று ஒரு சொல்லை வழங்குவார்கள். அச்சொல்லால் அவர்கள் கருதுவது கட்டடத்தையோ கம்பனியையோ அன்று. ஒரு சமூகம் தன் மக்களின் நடவடிக்கைக்கு வகுத்துக் கொண்ட விதிகள், ஒப்பந்த முறைகள், நீதிமன்றம், வழக்காறு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே அப்படிச் சொல்கின்றார்கள். 1993ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான டக்ளஸ் நோர்த், இவற்றை ஆட்டத்தின் விதிகளுக்கு ஒப்பிட்டார். ஆடுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், விதிகள் கோணலாயிருந்தால் ஆட்டம் கெட்டுவிடும். இதனை ஏட்டுச் சுரைக்காயாகச் சொல்வதைவிட, வெனிஸ் நகரின் கதையாகவே பார்ப்போம்.

சேற்றிலே எழுந்த நகரம்

வெனிஸ் நகருக்கு இயற்கை எதையும் வாரி வழங்கவில்லை. அத்திரியாட்டிக் கடலின் வட முனையிலே, உப்பங்கழிக்குள் சிதறிக் கிடந்த சிறு தீவுக்கூட்டம் அது. உழுவதற்கு நிலமில்லை. வெட்டியெடுக்கப் பொன்னும் இரும்பும் இல்லை. குடிநீருக்குக்கூட மழையை நம்பியிருந்தார்கள். ஆறாம் நூற்றாண்டிலே கசியோடோரஸ் என்ற அதிகாரி அம்மக்களுக்கு எழுதிய கடிதமொன்று இன்றும் உண்டு. நீர்ப்பறவைகளின் கூடுகளைப் போன்ற வீடுகளிலே அவர்கள் வாழ்வதையும், மற்றவர்கள் வாசலிலே கால்நடைகளைக் கட்டுவது போல இவர்கள் படகுகளைக் கட்டியிருப்பதையும், உப்பே அவர்களின் செல்வமாக இருப்பதையும் அவர் விவரிக்கின்றார்.

இந்தச் சேற்றுத் தீவுகள்தாம் சில நூற்றாண்டுகளிலே ஐரோப்பாவின் மிகச் செல்வம் மிக்க நகரங்களுள் ஒன்றாயின. ஆற்றங்கரையிலே வளமான மண்ணோடு இருந்த எத்தனையோ நகரங்கள் பின்தங்கிப் போக, இது எவ்வாறு முந்தியது? இடம் நன்கு அமைந்தது உண்மையே. கீழைத்தேயத்துக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே அது இருந்தது. பைசாந்தியப் பேரரசன் 1082ஆம் ஆண்டளவிலே வெனிசியருக்கு வரிவிலக்குச் சலுகை அளித்ததும் பெரிய வாய்ப்பாயிற்று. ஆயினும் அந்தக் கடலிலே வெனிசியர் மட்டும் கப்பல் ஓட்டவில்லை. வாய்ப்பை நகரத்தின் உடைமையாக்கியவை அவர்கள் வகுத்த விதிகளே.

அவற்றுள் முதலாவது ஓர் எளிய ஒப்பந்தம். 'கொலெகான்சா' என்பது அதன் பெயர். ஊரிலே பணம் வைத்திருப்பவனுக்குக் கடலிலே போகத் துணிவில்லை, அல்லது வயதில்லை. துணிவுள்ள இளைஞனிடம் பணமில்லை. இருவரும் கூட்டுச் சேர்கின்றார்கள். ஒருவகை ஒப்பந்தத்திலே முதல் முழுவதையும் ஊரிலிருப்பவன் தருகின்றான். இலாபத்திலே முக்கால் பங்கு அவனுக்கு, கால் பங்கு கடலோடியவனுக்கு. இன்னொரு வகையிலே முதலில் மூன்றில் இரண்டு பங்கை ஊரிலிருப்பவனும் ஒரு பங்கைக் கடலோடுபவனும் இடுகின்றார்கள், இலாபம் சரிபாதி. 1073ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே எழுதப்பட்ட இத்தகைய ஒப்பந்தமொன்று இன்றும் கிடைக்கின்றது. ஒருவர் 200 இலீராவும் மற்றவர் 100 இலீராவும் இட்டு, கிரேக்க நாட்டுத் தீப்ஸ் நகருக்கு வாணிபம் செய்யப் புறப்பட்ட கதையை அது சொல்கின்றது.

இதிலே என்ன புதுமை என்று கேட்கலாம். கடன் வாங்கிப் போனவன் கப்பல் மூழ்கினாலும் கடனைக் கட்ட வேண்டும். அவனும் மூழ்கிப் போவான். இந்த ஒப்பந்தத்திலோ நட்டம் முதலிட்டவனைச் சேரும். ஆகவே கையிலே காசில்லாதவனும் துணிந்து கப்பல் ஏறினான். இரண்டு மூன்று பயணம் போய் வந்தவன் தானே முதலிடுபவனாக மாறினான். தந்தையின் பெயரைக் கேட்காமல் மகனின் திறமையை மட்டும் கேட்ட ஒப்பந்தம் அது. அதன் விளைவு நகரத்தின் ஆட்சியிலும் தெரிந்தது. 960, 971, 982 ஆகிய ஆண்டுகளின் அரச ஆவணங்களிலே காணப்படும் பெயர்களை ஆராய்ந்தவர்கள், முறையே 69, 81, 65 சதவீதமானவை அதற்கு முன் காணப்படாத புதிய பெயர்கள் என்று கண்டிருக்கின்றார்கள். பழைய குடும்பங்களின் பக்கத்திலே புதிய குடும்பங்கள் எழுந்துகொண்டே இருந்தன.

கட்டுண்ட தலைவன்

இரண்டாவது, ஆட்சித் தலைவனைக் கட்டிப்போட்ட விதிகள். வெனிஸ் நகரின் தலைவனை 'டோஜ்' என்பார்கள். பதவி வாழ்நாள் முழுவதற்கும் உரியது. அரசனுக்குரிய ஆடம்பரமும் உண்டு. தன் மகனையே இணைத் தலைவனாக்கிப் பரம்பரை ஆட்சியை நிறுவும் வழக்கமும் ஒரு காலத்திலே தலைகாட்டியது. 1032ஆம் ஆண்டு டொமெனிக்கோ ஃபிளபானிக்கோ என்ற வணிகர் டோஜாகத் தெரிவானபோது அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். 1172ஆம் ஆண்டு, தோல்வியிலே முடிந்த படையெடுப்பின் பின் டோஜ் ஒருவர் கொலையுண்டார். அதன் பிறகு பெருஞ்சபை வலுப்பெற்றது. டோஜைத் தெரிவு செய்வதும் குழுவொன்றின் கைக்கு வந்தது.

ஒவ்வொரு டோஜும் பதவியேற்கும்போது நீண்டதோர் உறுதிமொழி எடுக்க வேண்டும். தன்னால் செய்ய முடியாதவற்றின் பட்டியலே அது எனலாம். ஆலோசகர்கள் பக்கத்திலே இல்லாமல் அந்நிய நாட்டுக் கடிதத்தை அவர் பிரிக்கக்கூடாது. 1268ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தேர்தல் முறையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். பெருஞ்சபையிலிருந்து சீட்டு மூலம் 30 பேர். அவர்களுள் சீட்டு மூலம் 9 பேர். அந்த 9 பேர் 40 பேரைத் தெரிவார்கள். அந்த 40 சீட்டிலே 12 ஆகும். 12 பேர் 25 பேரைத் தெரிவார்கள். 25 மீண்டும் 9 ஆகும். 9 பேர் 45 பேரைத் தெரிவார்கள். 45 பேர் 11 ஆவார்கள். 11 பேர் 41 பேரைத் தெரிவார்கள். அந்த 41 பேரே டோஜைத் தெரிவு செய்வார்கள். பணத்தாலோ பலத்தாலோ எவனும் தேர்தலை வளைத்துவிடக் கூடாது என்ற அச்சமே இந்தச் சிக்கலுக்குக் காரணம்.

மூன்றாவது, அவர்களின் நாணயம். 1284ஆம் ஆண்டு வெனிஸ் 'டுக்கட்' என்ற பொற்காசை அச்சிட்டது. நிறை ஏறத்தாழ மூன்றரைக் கிராம். அக்கால நுட்பத்தால் இயன்ற அளவு தூய பொன். மற்ற நாட்டு அரசர்கள் போர் வந்தால் காசிலே செம்பைக் கலப்பார்கள். மகுடம் மாறினால் நிறையைக் குறைப்பார்கள். வெனிசின் பொற்காசோ 1797ஆம் ஆண்டு குடியரசு மறையும்வரை, 500 ஆண்டுகளுக்கு மேலாக, அந்த நிறையிலும் மாற்றிலும் நின்றது. அரசு தன் வாக்கைக் காப்பாற்றியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தக் காசு நமக்கு அந்நியமானதன்று. மிளகுக்கும் வாசனைத் திரவியங்களுக்கும் விலையாக எகிப்து வழியே அது இந்தியக் கரைகளுக்கு வந்து சேர்ந்தது. காசின் ஒரு பக்கத்திலே, புனித மாற்கு நீட்டும் கொடிக்கம்பத்தைப் பற்றியவாறு டோஜ் முழந்தாளிட்டிருப்பார். தென்னாட்டு மக்கள் அதனை எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? கம்பத்தைப் பனைமரம் என்றும், டோஜைப் பனையேறும் தொழிலாளி என்றும் கொண்டார்கள். அதற்கேற்பக் காசுக்குப் பெயரும் இட்டார்கள். பெண்கள் அதனைக் கோத்து மாலையாக அணிந்தார்கள். டோஜ் யாரென்று அறியாதவர்களும் அவருடைய பொன்னை நம்பினார்கள்.

மூடப்பட்ட கதவு

1295ஆம் ஆண்டு மார்க்கோ போலோ கீழைத்தேயங்களிலே இருபத்து நான்கு ஆண்டுகள் அலைந்துவிட்டு வெனிசுக்குத் திரும்பினார். துணிந்து புறப்பட்டவன் உலகத்தையே கண்டு வரலாம் என்ற காலத்தின் மகன் அவர். அவர் வந்த இரண்டாம் ஆண்டு, 1297இல், நகரத்திலே ஒரு சட்டம் நிறைவேறியது. வரலாற்றிலே அதற்குப் பெயர் 'செராட்டா'. 'அடைப்பு' என்பது பொருள்.

முந்திய நான்கு ஆண்டுகளிலே பெருஞ்சபையில் இருந்தவர்கள் இலகுவாக மீண்டும் உள்ளே வரலாம். மற்றவர்களுக்கு வழி கடினம் என்றது சட்டம். தொடக்கத்திலே அது தீங்காகத் தோன்றவில்லை. சபையின் தொகைகூட அதனால் பெருகி, ஆயிரத்தைத் தாண்டியது. உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் நிலையான இடம் கிடைத்தது. ஆனால் கதவு படிப்படியாகச் சாத்தப்பட்டது. 1315ஆம் ஆண்டு தகுதியுடையோர் பட்டியல் ஒன்று தொடங்கியது. பின்னர் 1506 முதல் பிரபுக்களின் பிறப்பையே அரசு பதிவு செய்தது. அந்த ஏட்டுக்குப் 'பொன்னேடு' என்று பெயர். அதிலே பெயர் இருந்தால் ஆளப் பிறந்தவன். இல்லையேல் எவ்வளவு செல்வம் சேர்த்தாலும் வாசலுக்கு வெளியே.

1310ஆம் ஆண்டு பஜமொன்ரே தியேப்போலோ என்பவன் கிளர்ச்சி செய்தான். அவனுடைய கொடி வீரன் வீதியாலே வந்தபோது, கிழவி ஒருத்தி மேல்மாடியிலிருந்து உரலைத் தள்ளிவிட, அவன் மாண்டு விழுந்தான். கூட்டம் சிதறியது என்று வெனிசியர் கதை சொல்வார்கள். அரசு கிழவியை அழைத்து என்ன வேண்டும் என்று கேட்டதாம். திருநாட்களிலே தன் பலகணியில் நகரத்துக் கொடியைப் பறக்கவிட வேண்டும். தன் வீட்டு வாடகையை ஒருபோதும் உயர்த்தக்கூடாது என்றாளாம். எவ்வளவு வெனிசியத்தனமான வேண்டுகோள் பாருங்கள்! அவளும் ஓர் ஒப்பந்தத்தையே கேட்டாள். ஆனால் அந்தக் கிளர்ச்சியை அடக்க அமைத்த 'பதின்மர் சபை' அதன்பின் கலையவில்லை. 1335இல் அது நிரந்தரமாயிற்று. இரகசிய விசாரணையும் ஒற்றர்களும் ஆட்சியின் அங்கமாயினர்.

அரசியல் கதவு அடைபட்டால் பொருளாதாரக் கதவு நெடுநாள் திறந்திருப்பதில்லை. 1324ஆம் ஆண்டு வந்த சட்டமொன்று, ஒருவன் தன் மதிப்பிடப்பட்ட சொத்துக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள பண்டத்தைக் கடல் வாணிபத்திலே இடக்கூடாது என்றது. சொத்தில்லாத இளைஞன் பிறர் முதலைக் கொண்டு முன்னேறிய அந்தப் பழைய ஏணியின் படிகளை அது அறுத்தது. மார்க்கோ போலோ இறந்ததும் அதே 1324ஆம் ஆண்டிலேதான். அந்த நூற்றாண்டிலே நீண்ட தூர வாணிபம் அரசாங்கக் கப்பல்களுக்கு உரியதாயிற்று. அவற்றை ஏலத்திலே எடுக்கும் உரிமை பிரபுக்களுக்கு மட்டுமே இருந்தது. பழைய கூட்டு ஒப்பந்தம் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

உடனே விழவில்லை

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கதவை அடைத்த மறுநாளே வெனிஸ் வீழ்ந்துவிடவில்லை. அதன் பின்னும் இரு நூற்றாண்டுகள் அது பெருமையோடு விளங்கியது. நாம் இன்று வியக்கும் மாளிகைகளும் ஓவியங்களும் பெரும்பாலும் அடைப்புக்குப் பிந்தியவை. நல்ல விதிகள் சேர்த்து வைத்த செல்வம், விதிகள் கெட்ட பின்னும் நெடுநாள் உண்ணப் போதுமானதாக இருந்தது. நிறுவனங்களின் கேடு காய்ச்சலைப் போல உடனே தெரிவதில்லை. கறையானைப் போல வேலை செய்வது அது.

ஆபத்து வந்தபோது கதவைக் கொஞ்சம் திறக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஜெனோவா நகரோடு நடந்த போரிலே உதவிய 30 குடும்பங்களை 1381ஆம் ஆண்டு பிரபு வகுப்பிலே சேர்த்தார்கள். ஆனால் அதன்பின் நீண்ட காலம் அப்படி நடக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டிலே கிரேத்தா தீவுக்காகத் துருக்கியரோடு போரிட்டபோது, ஒரு இலட்சம் டுக்கட் தந்தவர்களுக்குப் பொன்னேட்டிலே இடம் விற்றார்கள். திறமைக்குத் திறவாத கதவு, கருவூலம் வெறுமையானபோது காசுக்குத் திறந்தது.

வாஸ்கோ ட காமா 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்ததுதானே வெனிசின் வீழ்ச்சிக்குக் காரணம் என்று நாம் பாடசாலையிலே படித்திருக்கின்றோம். செய்தி கிடைத்தபோது வெனிசியர் நடுங்கியதும் உண்மை. ஜிரோலமோ பிரியூலி என்பவரின் நாட்குறிப்பு அந்த நடுக்கத்தைக் காட்டுகின்றது. ஆனால் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே செங்கடல் வழியான மிளகு வாணிபம் மீண்டும் தழைத்தது. வெனிஸ் தலைநிமிர்ந்தது. மாற்றத்துக்கு ஈடுகொடுக்க அதனால் முடியாமற்போனது பிறகுதான். 1602ஆம் ஆண்டிலே ஏறத்தாழ 28,000 கம்பளித் துணிகளை நெய்த நகரம், அந்த நூற்றாண்டின் முடிவிலே 2,000 அளவுக்கு இறங்கியது. தொழிற்சங்கங்களின் பழைய விதிகளும் உயர்ந்த கூலியும் வரியும் சேர்ந்து, மலிவான புதிய துணியை நெய்ய விடவில்லை. ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் அந்தச் சந்தையை எடுத்துக்கொண்டார்கள். செல்வர்களோ கப்பலை விட்டு நிலத்திலே பணத்தைப் போட்டு, வாடகை வாங்கி வாழத் தலைப்பட்டார்கள்.

யாருக்கான சட்டம்?

இனி நமது நாடகத்துக்குத் திரும்புவோம். ஷேக்ஸ்பியர் அதனை எழுதியது 1590களின் பிற்பகுதியிலே. வளையாத சட்டத்தின் நகரம் என்ற பெயர் வெனிசுக்கு அப்போதும் இருந்தது. ஆனால் நீதிமன்றத்திலே நடப்பது என்ன? ஒப்பந்தத்தின் எழுத்தைப் பிடித்தே போர்ஷியா ஷைலொக்கை மடக்குகின்றாள், அதுவரை சரி. பிறகு இன்னொரு சட்டத்தை எடுக்கின்றாள். அந்நியன் ஒருவன் குடிமகனின் உயிருக்குக் கேடு சூழ்ந்தால் அவன் சொத்திலே பாதி எதிராளிக்கு, மறுபாதி அரசுக்கு என்பது அது. நகரத்திலே வாழ்ந்து, தொழில் செய்து, கடன் கொடுத்து வந்த ஷைலொக் அந்தக் கணத்திலே 'அந்நியன்' ஆகிவிடுகின்றான்.

இது வெறுங் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. 1516ஆம் ஆண்டு வெனிஸ் அரசு யூதர்களைத் தனியொரு தீவுக்குள் ஒதுக்கி, இரவிலே கதவைப் பூட்டியது. 'கெட்டோ' என்ற சொல் உலகத்துக்குக் கிடைத்தது அங்கிருந்துதான். அவர்களின் பணம் வேண்டும், ஒப்பந்தமும் வேண்டும், ஆனால் அவர்கள் வேண்டாம். சட்டம் இருக்கின்றது என்பது மட்டும் போதாது. அது எல்லோருக்கும் ஒரே சட்டமாக இருக்கின்றதா என்பதே கேள்வி. அன்ரோனியோ சொன்ன உண்மையின் மறுபாதியை ஷைலொக்கின் கண்ணீரிலே காணலாம்.

வெனிஸ் கைவிட்ட பாடத்தை அம்ஸ்டர்டாம் கற்றுக்கொண்டது. 1602ஆம் ஆண்டு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கியபோது, நாட்டிலே வசிக்கும் எவரும் பங்கு வாங்கலாம் என்று அறிவித்தார்கள். பெரு வணிகர்களின் பெயர்களோடு, வீட்டு வேலைக்காரப் பெண்ணொருத்தியின் பெயரும் பதிவேட்டிலே இருக்கின்றது; அவள் இட்ட முதல் 100 கில்டர். கதவைத் திறந்து வைத்த சமூகம், பழைய வெனிசின் இடத்தைப் பிடித்ததிலே வியப்பில்லை.

ஆனால் நேயர்களே, அதே கம்பனி 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபோது நமக்கு எந்த முகத்தைக் காட்டியது? அம்ஸ்டர்டாமிலே வேலைக்காரப் பெண்ணுக்கும் பங்கு. இங்கே கறுவா முழுவதும் கம்பனியின் ஏகபோகம். கறுவா உரிப்போர் அரசர் காலத்திலிருந்து செய்து வந்த ஊழியக் கடமையைக் கம்பனி மேலும் இறுக்கியது. ஆளுக்கு இவ்வளவு என்று அளவு விதித்தது. களவாகக் கறுவா உரித்து விற்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை போட்டது. தன் தோட்டத்திலே தானாக முளைத்த மரத்தையும் மனிதன் தொட அஞ்சினான். தொட்டால் தண்டனை, வளர்த்தால் பயனில்லை என்றால், எவன் மரம் வளர்ப்பான்? கொழும்பிலே கறுவாத்தோட்டம் என்று இன்றும் சொல்கின்றோமே, அந்தப் பெயருக்குள்ளே இந்த வரலாறு உறங்குகின்றது.

2024ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு டாரோன் அசெமொக்லு, சைமன் ஜோன்சன், ஜேம்ஸ் ரொபின்சன் ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. 1500ஆம் ஆண்டளவிலே செழிப்பாயிருந்து பின் ஐரோப்பியர் வசமான நாடுகள் பல, இன்று ஒப்பளவிலே வறியனவாக இருப்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். மக்களும் செல்வமும் நிறைந்த இடங்களிலே சுரண்டுவதற்கான விதிகள் நாட்டப்பட்டன; ஆட்சியாளர் மாறிய பின்னும் அந்த விதிகள் எஞ்சின என்பது அவர்கள் கூற்று. அசெமொக்லுவும் ரொபின்சனும் 2012இல் எழுதிய நூலிலே வெனிசின் கதையும் இடம்பெறுகின்றது. நில அமைப்பு, கல்வி, நோய் என்று வேறு காரணங்களை முன்வைப்போரும் உண்டு. விதிகள் ஒன்றே எல்லாம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் மண்ணும் மழையும் மாறாதிருக்க ஒரே நகரம் உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் பார்த்த பின், விதிகளை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்க்க முடியாது.

1797ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், நெப்போலியனின் படை வாசலுக்கு வந்தபோது, பெருஞ்சபை கடைசி முறையாகக் கூடியது. சட்டப்படி வேண்டிய 600 பேர்கூட வரவில்லை. வந்தவர்கள் தங்கள் குடியரசைத் தாங்களே கலைத்துவிட்டுக் கலைந்தார்கள். வெளியே இருந்தவர்களுக்கு அந்த அரசிலே பங்கு எதுவும் இருக்கவில்லை. அதனைக் காக்க எழுந்தவரும் சிலரே. அடுத்த மாதம் புனித மாற்கு சதுக்கத்திலே நெருப்பு மூட்டிப் பொன்னேட்டை எரித்தார்கள்.

ஏடு சாம்பலாயிற்று. காசோ, டோஜின் பெயரும் அறியாத ஒரு தாயின் கழுத்திலே, மாற்றுக் குறையாமல் கிடந்தது. யாருக்கும் ஒரே நிறையாக நின்றதை உலகம் வைத்துக்கொண்டது. சிலருக்கு மட்டும் திறந்ததை நெருப்பு எடுத்துக்கொண்டது. நம்முடைய சட்டங்களும் பதிவேடுகளும் இவ்விரண்டில் எதைப் போன்றவை என்று ஒவ்வொரு தலைமுறையும் தன்னைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.